மஞ்சள் வட்டம் கடிக்காது

வெளியே ஜனவரி உறைபனி.
உள்ளே அந்த அறைக்கு ஏசி வேறு.
எதற்கென்று கேட்கவில்லை,
நான் கேட்பதையெல்லாம் யாராவது குறித்துக்கொள்வார்கள்.

அரைஞாண், பெல்ட், பஸ் சில்லறை
ஒரு தட்டில்.
"உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா?"
மாத்திரையின் கசப்பு நாக்கில் இருந்தது.
இல்லை என்றேன்.

டாக்டர் ஷெரின் சொன்னாள்:
ரெண்டு படம் மாறி மாறி வரும்.
ஒன்று வரும்போது மட்டும், சில தடவை,
மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு ஷாக்.
எது என்று சொல்லமாட்டேன்.
நீங்களே கண்டுபிடிக்கணும்.
மெஷின் ரொம்பச் சத்தம் போடும், பயப்படாதீங்க.

பதினோரு வருஷம்
கோத்தகிரி ஃபேக்டரியில் ரோலருக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.
சத்தம் எனக்குக் கம்பளி.
அதற்குள் யாரும் வந்து என் பெயரைச் சொல்லமாட்டார்கள்.
நிற்கும்போதுதான் வருவார்கள்.

நீலச் சதுரம்.
காஞ்சொறி பட்டதுபோல் கை.

ஆறு வயதில் தொட்டேன் காஞ்சொறியை, ஒரே ஒருமுறை.
லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் படித்தோம்.
படித்தபிறகும்
அதே ஓடைக்கரையில் புதினா பறித்தார்கள்,
நானும் பறித்தேன்
இருபத்து மூன்று வயதுவரை.
அந்த வருஷம்
புதினா என்னைத் திரும்பிப் பார்த்தது.

மஞ்சள் வட்டம்.
ஒன்றுமில்லை.
நீலம், சுருக்.
மஞ்சள்.
ஒன்றுமில்லை.
பதினாறு முறை எண்ணினேன்.
நீலம் நேர்மையான ஆள்:
கடிப்பான், போய்விடுவான்.
மஞ்சள் எதையோ மனதில் வைத்திருக்கிறது.
குரைக்கிற நாய் கடிக்காது என்று சொன்னவர்கள்
குரைக்காத நாயைப் பற்றி
ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

கடைசிப் பகுதியில் நீலமும் கடிப்பதை நிறுத்தியது.
நிறுத்தியாயிற்று என்று யாரும் சொல்லவில்லை.
கையை நீட்டிக் காத்துக்கிடந்தேன்.
பஸ் செலவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தார்கள்.

ஐப்பசி மழையில் மறுபடி கூப்பிட்டு
கம்ப்யூட்டரில் ஒரு தலையைக் காட்டினாள்.
சாம்பல் நிறம். ஓரிரண்டு இடத்தில் தணல்.
வாதுமைப் பருப்பளவு ஒரு இடத்தைப் பேனாவால் தொட்டாள்.
இது என் தலையா?
இல்லை, சராசரி.
வியாதி இல்லாதவங்களுக்கு
நீலம் வந்தா இங்கே எரியுது, மஞ்சள் வந்தா அடங்குது.
உங்க ஆட்களுக்கு
ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

உங்க ஆட்கள்.
முப்பத்து மூன்று பேர்
எனக்குச் சொந்தக்காரர்கள் என்று அன்றுதான் தெரியும்.
ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போனதில்லை.

கேள்வி ஏதும் இருக்கா என்றாள்.
புதினா எந்த இடத்தில் எரியும் என்றேன்.
அவள் எழுதவில்லை.
பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

கட்டபெட்டு தாண்டியதும் மூடுபனி.
டிரைவர் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார்,
எதிரே வண்டி இருந்தாலும், இல்லாவிட்டாலும்.
அவர் தலையை யாரும் படம் எடுக்கவில்லை.

லயத்துக்கு ஏறும் பாதை.
பனிக்குள்ளிருந்து
ஒரு நீலச் சதுரம் இறங்கி வருகிறது.

மணிக்கட்டு தானாகச் சுருங்கியது.
பாதையில் அப்படியே நின்றேன்.
சதுரம் பெரிதானது, அதற்குக் கால் முளைத்தது,
மேலே ஒரு கூடை.
"ஏன்டா மரமாட்டம் நிக்கிற?"
சிவபாக்கியம் அக்கா.
இடுப்பில் கொழுந்து பறிக்கிற படங்கு.

"கால்ல அட்டை. போய் உப்பு எடுத்துட்டு வா."
கணுக்காலிலிருந்து நூல் மாதிரி ரத்தம்.
எப்போது கடித்தது என்றேன்.
தெரியல, வலிக்கவே இல்லை என்றாள்.

உப்பு டப்பா அடுப்பு மேடையில்.
மூடி மஞ்சள்.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன்,
அதுவும் பார்த்தது.
வெளியே அக்கா கத்தினாள்.
திறந்தேன்.